திறந்து வைக்க முடியாத குழாய்

நம் ஊரில் அரசாங்கம் எதையாவது கட்ட வேண்டுமென்றால் அதற்குக் குறைந்தபட்சத் தகுதி ஒன்று உண்டு: கல்வெட்டுப் பதிக்க ஒரு சுவர். சுவர் இருந்தால் திரை இருக்கும். திரை இருந்தால் கயிறு இருக்கும். கயிற்றை இழுக்க ஒருவர் வருவார். அவர் இழுக்கும்போது பின்னால் நின்று கைதட்ட இருபது பேர் வருவார்கள். ஏரிக்கு இந்தக் கொடுப்பினை உண்டு, அணைக்கு உண்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்கும் உண்டு. தெருவுக்கு அடியில் கிடக்கிற குழாய்க்கு மட்டும் இல்லை. சென்னைக் குடிநீரின் இருநூற்றைம்பது வருஷ வரலாறு மொத்தமும் இந்த ஒரு சுவரில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

கடல் பக்கம், தண்ணீர் தூரம்

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகத்துக்கு வசதியா என்றால் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், அலைக்கு நடுவே படகில்தான் இறங்க வேண்டும். நல்ல தண்ணீர் உண்டா என்றால், தோண்டினால் பல இடத்தில் உப்பு. பிறகு ஏன் இங்கே? துணி இங்கே மலிவு என்று டே எழுதினார். பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எது உண்மையாக இருந்தாலும், இடம் பார்க்க வந்தவர் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த நூற்றுச் சொச்சம் வருஷம் கம்பெனி இங்கே கட்டிய கோட்டைக்குள் இருந்தவர்கள் வெளியிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் காலம் தள்ளினார்கள். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து, கோட்டைக்கு வெளியே உள்ளூர் ஜனங்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டையை முற்றுகையிட்டார். பீரங்கி கோட்டைக்கு உள்ளே, ஊர் எதிரி கையில் என்ற நிலைமை இரண்டு மாதம் நீடித்தது. அப்படிப்பட்ட சமயத்தில்தான் வெள்ளைக்காரனுக்கும் தாகம் என்பது ராணுவ விஷயமாகப் படும். 1772-ல் காப்டன் பேக்கர் என்பவர் முன்வைத்த யோசனைப்படி கறுப்பர் நகரத்துக்கு வடக்கே கிணறுகள் வெட்டி, குழாய் வழியாகக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1.4 லட்சம் காலன். அதுதான் ஏழு கிணறு. சென்னையின் முதல் முறையான குடிநீர்த் திட்டம்.

திட்டத்தின் அழகைக் கவனியுங்கள். கிணறு இருப்பது கறுப்பர் நகரத்துப் பக்கம். தண்ணீர் போவது வெள்ளையர் நகரத்துக்கு. கறுப்பர் நகரத்துக்குக் கிடைத்தது பெயர். இன்றைக்கும் அந்தப் பகுதிக்கு ஏழு கிணறு என்றுதான் பெயர். வள்ளலார் வாழ்ந்த வீராசாமி தெரு அங்கேதான் இருக்கிறது. பசித்தவருக்கெல்லாம் பின்னாளில் அணையா அடுப்பு ஏற்றப் போகிறவர், தண்ணீர் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வட்டாரத்தில் வளர்ந்ததில் ஏதோ நியாயம் இருக்கிறது.

பாதி வழிக்கு மாட்டு வண்டி, மீதிக்குக் குழாய்

ஊர் வளர்ந்தது. 1871-ல் முதல் முறையாக ஒழுங்காகத் தலை எண்ணியபோது கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர். காலரா வருஷா வருஷம் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் 1854-லேயே ஒரு தெருக் குழாயைக் காட்டி, காலரா காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருகிறது என்று சொல்லியிருந்தார். லண்டனே அதை உடனே நம்பவில்லை. மதராஸ் நம்புவதற்கு என்ன அவசரம்?

1866-ல் ஃப்ரேசர் என்ற எஞ்சினீயர் ஒரு திட்டம் கொடுத்தார். கொற்றலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் ஒரு தடுப்பணை. அங்கிருந்து சோழவரம் ஏரி, அங்கிருந்து செங்குன்றம் ஏரி, அங்கிருந்து கீழ்ப்பாக்கம். இந்த ஏரிகள் ஒன்றும் ஃப்ரேசர் வெட்டியவை அல்ல. செங்குன்றம் ஏரிக்கு இன்னொரு பெயரான புழல் என்பது தொண்டை மண்டலத்தின் இருபத்து நாலு கோட்டங்களில் ஒன்றின் பெயர். உழவுக்காக யாரோ வெட்டி, யாரோ கரை கட்டி, யாரோ தூர் வாரிய ஏரி. அந்த யாரோக்கள் கல்வெட்டு வைக்காமல் போனதால், ஏரியை நகரத்துக்கு எழுதிக்கொள்வது சுலபமாகப் போயிற்று.

1872-ல் தண்ணீர் வந்தது. செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த கால்வாய். மேலே மூடி கிடையாது. வழியில் மாடு இருந்தால் மாடு குளிக்கும், மாட்டுக்காரனும் குளிப்பான். மழை பெய்தால் இரு கரையிலும் இருந்ததெல்லாம் கால்வாயில் இறங்கும். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல் கிணற்றுத் தொட்டியில் வந்து விழும். அங்கிருந்து கண்ணியமான, புத்தம் புதிய, இங்கிலீஷ் வார்ப்பிரும்புக் குழாய்களில் நுழைந்து நகரம் முழுக்கப் போகும். வடிகட்டுவது என்ற சமாச்சாரமே திட்டத்தில் இல்லை. முன்பு ஒரு குட்டையின் கிருமி அந்தக் குட்டைத் தெருவுக்கு மட்டும். இப்போது எல்லோருக்கும் சமமாக விநியோகம்.

அதிலும் ஒரு சிக்கல். பம்ப் இல்லை. ஏரி எவ்வளவு மேடோ அவ்வளவுதான் அழுத்தம். கீழ்ப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. கடைக்கோடியில் இருந்தவர்கள் திருகினால் குழாய் மூச்சு விட்டது. சென்னைவாசி இன்றைக்கும் விடிகாலையில் கேட்கிற அந்த "புஸ்ஸ்" சத்தத்துக்கு வயது 150.

1881-ல் செங்குன்றம் ஏரிக்குள் மதகுக் கோபுரம் ஒன்று கட்டி, ஜோன்ஸ் டவர் என்று கூப்பிட்டார்கள். ஏரி வற்றும்போதெல்லாம் பத்திரிகைப் படங்களில் தலைகாட்டுவது அதுதான். ஒரு மதகுக்கே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மேட்லி சாகிப்பின் கணக்கு

திறந்த கால்வாய்த் தண்ணீரை நாற்பது வருஷம் குடித்துத் தாங்கிய பிறகு, இதை மராமத்துப் பண்ணலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற எஞ்சினீயர் வந்தார். நம் கதையில் வருகிற ஆட்களிலேயே உருப்படியானவர் இவர்தான். கால்வாய்க்கு மூடி போட்டார், அதாவது செங்கல்லில் வளைவு கட்டி மூடிய வாய்க்காலாக மாற்றினார். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், தரைக்கடியில் தொட்டி, பம்புகள், மேலே இரும்புத் தொட்டி எல்லாம் கட்டினார். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வேலை செய்ய ஆரம்பித்தது.

அந்த மணல் வடிகட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய தொட்டி. அடியில் ஜல்லி, மேலே பொடி மணல், அதற்கு மேல் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் மணலுக்குள் இறங்குகிற வேகம் மணிக்குச் சாண் அளவு, அவ்வளவுதான். நாள் ஆக ஆக மணலின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு தோல் படியும். பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த தோல். கிருமியைப் பிடித்துத் தின்பது அந்தத் தோல்தான். மணல் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது. புது மணல் போட்டால் சில நாளைக்கு வடிகட்டி எதையும் பிடிக்காது. படிந்து ஊறிய பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருபவரிடமும் இதே குணத்தைப் பார்த்திருப்பீர்கள். தோல் தடித்துத் தண்ணீர் இறங்காமல் போனால், தொட்டியை வடியவிட்டு, ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி, மேல் மணலை ஓர் அங்குலம் போலச் சீவி எடுப்பார்கள். சீவிய மணலைக் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. 1829-ல் ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டன் செல்சியில் செய்து காட்டிய வித்தை, 85 வருஷம் கப்பல் பிடித்துக் கீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். இப்படி ஒன்றைக் கட்டும்போது எத்தனை பேருக்கு என்று ஒரு எண் வேண்டும். 1901-ல் மதராஸ் ஜனத்தொகை 5.09 லட்சம். 1911-ல் 5.18 லட்சம். பத்து வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர். இதை வைத்துக்கொண்டு யார் கணக்குப் போட்டாலும் என்ன வரும்? 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், தலைக்கு 25 காலன், அதாவது 115 லிட்டர் போதும் என்று வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்யோசனையோடு போட்ட கணக்கு. தப்பே சொல்ல முடியாது.

மதராஸ்தான் கணக்குப் புத்தகம் படிக்கவில்லை. 1931-லேயே 6.47 லட்சத்தைத் தொட்டது. 1941-ல் 7.77 லட்சம். மேட்லி குறித்த 1961 வந்தபோது, ஊர் எல்லையும் விரிந்து, 17.29 லட்சம் பேர் குடத்தோடு நின்றார்கள். அவர் கணக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய சமயம் ஒன்றே ஒன்று. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுக எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது. பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி பண்ணியது. ஆளுக்கு 115 லிட்டர் என்ன, அன்றைக்குக் குளித்துவிட்டு மிச்சமே இருந்திருக்கும்.

மேட்லிக்கு ஊர் நன்றி சொல்லத் தவறவில்லை. தியாகராய நகரில் மேட்லி சாலை இருக்கிறது. மேட்லி சுரங்கப்பாதையும் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் தானாக வந்து நிறைகிறது, பம்ப் எதுவும் வைக்காமலே. தண்ணீர் கொண்டுவந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் யாரும் திட்டமிட்டுக் கட்டியிருக்க முடியாது.

கடவுளையும் நகர்த்திய ஏரி

1939-ல் தீரர் சத்தியமூர்த்தி மேயரானார். மேயர் பதவி ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் ஒரு மேயர் வழக்கமாகச் சாதிப்பது மாலை வாங்குவது. இவர் பூண்டியில் கொற்றலையாற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளைக்கார அரசு உலக யுத்தத்தில் மூழ்கியிருந்தது. காங்கிரஸ்காரர்கள் சிறைக்குப் போக வரிசையில் நின்றார்கள். இந்த நேரத்தில் வெள்ளைக்காரனிடம் ஒரு காங்கிரஸ்காரர் அணைக்குப் பணம் வாங்கினார் என்பது தண்டி யாத்திரைக்குச் சளைத்த சாதனை இல்லை.

ஏரி நிரம்புகிற இடத்தில் திருவெண்பாக்கம் இருந்தது. கண்ணிழந்து வந்த சுந்தரருக்குச் சிவபெருமான் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லும் ஊர். சுவாமி பெயர் ஊன்றீஸ்வரர். கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்தனுப்பிய சுவாமிக்கு, இப்போது அரசாங்கம் மாற்று இடம் கொடுத்தது. கோயிலைப் பெயர்த்துப் பூண்டிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நிலம் எடுப்பு நோட்டீசை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

1944-ல் பூண்டி ஏரி திறந்தது. சத்தியமூர்த்தி 1943-லேயே காலமாகிவிட்டார். ஏரிக்கு அவர் பெயர் வைத்தார்கள்: சத்தியமூர்த்தி சாகர். தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கிருந்து? அதே குழாய்.

தூரம் போகப் போக

இதற்குப் பிறகு நகரத்துக்கு ஒரு பழக்கம் வந்தது. தாகம் எடுக்கும் போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்பது.

அறுபதுகளின் கடைசியில் வீராணம். பொன்னியின் செல்வன் கதையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தபடி வேடிக்கை பார்த்த அதே சோழர் காலத்து ஏரி. ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குப் பெரிய சிமெண்டுக் குழாய்கள் செய்து சாலையோரம் வரிசையாகப் போட்டார்கள். திட்டம் நின்றது, குழாய் கிடந்தது. அதில் யார் செய்தது தப்பு என்பது சர்க்காரியா கமிஷன் என்ற தனிக் கதை, அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் குழாய்க்குள் வேறு பலர் நுழைந்தார்கள். வீடில்லாத குடும்பங்கள் அதில் அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தின. சென்னைக்குத் தண்ணீர் தராவிட்டாலும், குழாய் சிலருக்குக் கூரை கொடுத்தது. புதிய வீராணம் திட்டத்தில் 235 கிலோமீட்டர் கடந்து தண்ணீர் வந்து சேர்ந்தது 2004-ல்.

நடுவில் கிருஷ்ணா. 1976-ல் மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டிஎம்சி தருவதாகக் கையெழுத்துப் போட்டன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கதாநாயகர்கள் சேர்ந்து நடித்தும் படம் ரிலீசாக 1996 ஆயிற்று. கால்வாய்க் கரை சரிந்து தண்ணீர் வழியிலேயே மண்ணுக்குள் போக, அதைச் செப்பனிடப் புட்டபர்த்தியிலிருந்து சாயிபாபா பணம் கொடுத்தார். மதராஸின் குடிநீர் வரலாற்றில் சிவபெருமான் இடம் விட்டுக்கொடுத்தார், பாபா பணம் கொடுத்தார். தெய்வத்தின் பங்கில் குறை சொல்ல முடியாது.

பிறகு கடல். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010, நெம்மேலியில் 2013, ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர். டே துரை பார்த்த அதே உப்புத் தண்ணீரை, 370 வருஷம் யோசித்து, குடிக்க முடிவு செய்தோம்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தருகிற நாலு ஏரியும் காய்ந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. அமைச்சர்கள் வந்து முறைப்படி திறந்து வைத்தார்கள். அந்தக் கொடும் பஞ்சத்திலும் நகரத்துக்குத் தினமும் கொடுத்துவந்தது 50 கோடி லிட்டருக்கு மேல். ரயிலில் வந்தது அதில் அரை சதவீதம். வில்லிவாக்கத்தில் இறங்கிய தண்ணீர் எங்கே போயிற்று என்கிறீர்கள்? கீழ்ப்பாக்கத்துக்கு. மேட்லி கட்டிய அதே வளாகத்துக்கு. மணல் தொட்டிக் காலம் போய், படிகாரமும் குளோரினும் போட்டு வேகமாக வடிகட்டுகிற புதிய அமைப்புகள் அங்கே வந்துவிட்டன. அங்கிருந்து வெளியே வரும் தண்ணீரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் மூன்றடி கீழே இறங்கி அது நுழைகிற இடம்தான் விஷயம்.

கீழே நடப்பது

நகரத்தின் பழைய பேட்டைகளில் இன்னும் நூறு வயது தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு. தோண்டி எடுத்தால் வெளியே ஒரு சாண் அகலம் தெரியும். உள்ளே கை விட்டால் இரண்டு விரல்தான் போகும். மீதி இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் துரு. ஒரு குழாயை அடுத்ததோடு சேர்க்க அந்தக் காலத்தில் சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றினார்கள். மேலே மாட்டு வண்டி ஓடிய காலத்துக்கு அந்த இணைப்பு தாங்கியது. பிறகு பல்லவன் பஸ் ஓடியது, தண்ணீர் லாரியே ஓடியது. இணைப்பு நெகிழ்ந்து கசிந்தது. பக்கத்திலேயே, அதே வயதில், சாக்கடைக் குழாயும் கசிந்தது.

குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிரம்பியிருந்தால் இதனால் ஆபத்து அதிகமில்லை. உள்ளே இருப்பது வெளியே கசியும், அவ்வளவுதான். நாம் ஒரு வேளை விட்டு நிறுத்துகிறோம். நிறுத்தியதும் குழாய்க்குள் வெறுமை. வெறுமை எதையாவது உறிஞ்சும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதை. மறுநாள் காலை முதல் ரெண்டு குடம் கலங்கலாக, வாடையோடு வருவதன் ரகசியம் இதுதான். நிலையத்தில் எத்தனை கோடிக்கு வடிகட்டினாலும் கடைசி முந்நூறு அடியில் கணக்கு நேராகிவிடுகிறது.

அழுத்தம் குறையக் குறைய ஜனங்கள் தண்ணீரை எதிர்கொண்டு போனார்கள். குழாய் முதலில் மாடியிலிருந்து தரைக்கு இறங்கியது. பிறகு தரையிலிருந்து வாசலுக்கு வந்தது. பிறகு வாசலில் குழி தோண்டி, மூன்று படி வெட்டி, அடியில் குழாய் முனையை வைத்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு அந்தக் குழிக்குள் ஒரு மாமி குந்தி உட்கார்ந்து, நூல் மாதிரி ஒழுகுவதைச் சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றி, மேலே நிற்கிற பெண்ணிடம் நீட்டுவார். அதுவும் போதாமல் அடிபம்பு வந்தது. கைப்பிடியை அடித்து மெயின் குழாயிலிருந்தே இழுப்பது. வசதியுள்ளவர்கள் மோட்டார் வைத்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு சாக்கடையும் வந்தது. "என்ன மாமி, உங்களுக்கு வருதா?" என்பது அந்தக் காலத்து காலை வணக்கம்.

1978-ல் குடிநீருக்கென்று தனி வாரியம் வந்து, கார்ப்பரேஷன் தண்ணி மெட்ரோ வாட்டர் ஆனது. குழாய்க்கு இந்தப் பெயர் மாற்றம் தெரிவிக்கப்படவில்லை.

இன்றைக்கு ஒரு சராசரிச் சென்னை வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாசலில் சம்ப். அதிலிருந்து இழுக்க மோட்டார். மாடியில் தொட்டி. சமையலறையில் சுவரில் மாட்டிய ஆர்.ஓ. இயந்திரம். அதை நம்பாதவர்களுக்கு இருபது லிட்டர் கேன். அதையும் நம்பாதவர்கள் கேன் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மேட்லி ஊருக்கு ஒரே ஒரு நீரேற்று நிலையம் கட்டினார். நாம் அதை மராமத்துப் பண்ணிப் பண்ணி, வீட்டுக்கு ஒன்றாக்கிவிட்டோம். மின்கட்டணம், வடிகட்டி மாற்றும் செலவு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கல்வெட்டு மட்டும் வைக்கவில்லை.

இப்போது தெருத் தெருவாகப் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். சந்தோஷம். இருக்கிற வேலையிலேயே இதுதான் கஷ்டமான வேலை, செலவு பிடித்த வேலை, யாருக்கும் பெயர் வாங்கித் தராத வேலை. எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்ற வரைபடம் பாதி காகிதத்தில், பாதி ஓய்வு பெற்றுப்போன ஊழியர்களின் தலையில். ஒன்றைத் தேடித் தோண்டினால் மின்சாரக் கேபிளும் தொலைபேசிக் கேபிளும் முதலில் வந்து நலம் விசாரிக்கும். முடிந்ததும் பார்க்க ஒன்றும் இருக்காது. மதகுக்கு ஜோன்ஸ், சாலைக்கு மேட்லி, ஏரிக்கு சத்தியமூர்த்தி. ஆனால் ஊரையே சுற்றி வரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் ஓர் அடிக்குக்கூட யார் பெயரும் இல்லை. ஏரி கட்டப் போட்டி போட்டவர்கள் குழாய் மாற்றப் போட்டி போடாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். குழாய் மாற்றிய ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கருங்கல் வைக்கலாம். இன்னார் காலத்தில், இன்ன வார்டு, இத்தனை அடிக் குழாய் மாற்றப்பட்டது என்று பொன்னெழுத்தில். திரையும் கயிறும் கைதட்ட இருபது பேரும் சேர்த்தே. ஒரே வருஷத்தில் ஊர்க் குழாய் மொத்தமும் புதிதாகிவிடும் என்பது என் கணக்கு. மேட்லி கணக்கை விட மோசமாகப் போகாது. ஒரே ஒரு தடை. கல்லை நிறுத்த வேண்டுமென்றால், முதலில் தோண்டிய குழியை மூட வேண்டும்.